நாலு கட்டமும் எட்டாத கோணமும்

நாலு கட்டம் போடுங்கள். மேலே 5, 2. கீழே 1, 2. எண்களை மறைத்துவிட்டு, கூட்டுத்தொகையை மட்டும் நண்பரிடம் சொல்லுங்கள்: குறுக்கே 7, 3, நெடுக்கே 6, 4. அவர் குறுக்குத் தொகையைச் சரிபாதியாகப் பங்குவைப்பார்: 3.5, 3.5, 1.5, 1.5. நெடுக்கே கூட்டினால் இரண்டு பக்கமும் 5. இடப்பக்கம் ஒன்று குறைகிறது, வலப்பக்கம் ஒன்று மிகுகிறது. அதைப் பிரித்துச் சரிக்கட்டினால் 4, 3, 2, 1. தொகையெல்லாம் பொருந்துகிறது. விடைதான் தப்பு.

எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து ஒரு பொருளின் முப்பரிமாண உள்ளமைப்பைக் கட்டும் எலெக்ட்ரான் டோமோகிராபியிலும் இதுதான் நடக்கிறது. மாதிரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து எடுக்கும் ஒவ்வொரு படமும் ஒரு கட்டுத் தொகைகள். ஊகித்து, ஒப்பிட்டு, திருத்தி, மறுபடி ஊகித்து உள்ளமைப்பைக் கணினி கட்டுகிறது. போலந்துக் கணிதர் காச்மார்ஸ் 1937-ல் சமன்பாடுகளுக்குச் சொன்ன வழி இது. நுண்ணோக்கிப் படங்களுக்கு 1970-ல் கோர்டன், பெண்டர், ஹெர்மன் மூவரும் கொண்டுவந்தார்கள்.

மூலைக்கு மூலை கூட்டிய 7, 3 என்ற தொகைகளையும் சொல்லியிருந்தால் நண்பர் அடுத்த திருத்தத்திலேயே சரியான விடைக்கு வந்திருப்பார். நுண்ணோக்கியில் சில தொகைகள் கிடைப்பதே இல்லை. 70 டிகிரி சாய்த்தால் தகடு போன்ற மாதிரிக்குள் எலெக்ட்ரான் கடக்கும் தூரம் ஏறக்குறைய மூன்று மடங்கு. மாதிரியைப் பிடித்திருக்கும் தாங்கியும் குறுக்கே வரும். இருபுறமும் 60 டிகிரியோடு நின்றால் மூன்றில் ஒரு பங்கு கோணம் போயிற்று. உருண்டையான தங்கத் துகள் கதிரின் திசையில் ஒன்றரை மடங்கு நீண்டு முட்டையாகத் தெரியும்.

இன்னும் நூறு சுற்று ஓட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. முதலில் பிழை குறையும். ஒரு கட்டத்துக்குப் பிறகு கணினி படத்திலுள்ள இரைச்சலையும் பொருளாக எண்ணி வரைய ஆரம்பித்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் பாதித் துல்லியம் இருக்கிறது.

மீதிப் பாதி, நமக்கு முன்பே தெரிந்ததைக் கணினிக்குச் சொல்வதில். அடர்த்தி பூஜ்யத்துக்குக் கீழே போகாது. துகள் முழுக்கத் தங்கம் என்றால் ஒவ்வொரு புள்ளியும் தங்கம் அல்லது வெற்றிடம், நடுவே எதுவுமில்லை. இந்த ஒரு தகவல் விடுபட்ட கோணத்தைப் பெருமளவு ஈடுகட்டும். ஆனால் துகள் உண்மையில் கலப்பு உலோகமாக இருந்தால், பிசிறில்லாத பொய்ப்படம் கிடைக்கும். மங்கலான உண்மையைவிட இது ஆபத்தானது என்பேன்.

இத்தனைக்கும் முன்னால் படங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்த வேண்டும். அதற்காகவே மாதிரிமேல் 10 நானோமீட்டர் அளவுத் தங்க மணிகளைத் தூவுகிறார்கள். முடிவுப் படத்தில் அந்த மணி பிறைபோல வளைந்திருந்தால் கணக்கைக் குறைசொல்லிப் பயனில்லை. படங்களை அடுக்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும்.