காரைப் பேணுதல்: நம் கையும் மெக்கானிக் கையும்

தில்லியில் கோடை வெயில் 45 டிகிரியையும் தாண்டுவதுண்டு. புழுதிக் காற்றும் உடன் வரும். புழுதி, காற்று வடிகட்டியை அடைத்து எஞ்சினின் இழுவையைக் குறைக்கிறது. வெப்பம் பாட்டரி நீரை வற்றச் செய்கிறது. வடிகட்டியை மாற்றுதல், மூடி திறக்கும் பாட்டரியில் வாலைவடிநீர் வார்த்தல், எஞ்சின் ஆறியபின் எண்ணெய் மட்டம் பார்த்தல் ஆகியவற்றை நாமே செய்துகொள்ளலாம். உதிரிப் பாகங்களுக்குக் காஷ்மீரி கேட் கடைவீதி இருக்கிறது. போலிச் சரக்குக்கு இடங்கொடாமல் ரசீதுடன் வாங்குவோமாக.

பிரேக்கை மட்டும் நாம் தொடலாகாது. அதன் குழாயில் காற்றுக் குமிழி புகுந்துவிட்டால், மிதிக்கும் விசை காற்றை அமுக்குவதிலேயே செலவாகும், வண்டி நில்லாது. அது பயின்ற மெக்கானிக்கின் வேலை. விரைவுப் பணிமனையில் எதை மாற்றினாலும், கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்வோம். சிறு வேலைகளைத் தாமே செய்து பழகியவர்க்கே அதன் தேய்மானம் உண்மையா என்பது புலப்படும்.