கோபுரம் எட்டாத இடத்தில்

தென்காசி மாவட்டம் சிவகிரியில் நின்று மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை அரணென உயர்ந்து நிற்கும். ஊருக்குள் தடையின்றி ஒலிக்கும் அலைபேசி, இத்தகைய மலைகளின் மடிப்புகளுக்குள் சென்றதும் ஓய்ந்துவிடக்கூடும். அலைபேசிக்கும் கோபுரத்திற்கும் இடையே குன்று குறுக்கிட்டால் அலைகள் தடைபடும். மலையில் குன்று செய்வதைக் கடலில் தொலைவு செய்கிறது. கரையிலிருந்து ஏறத்தாழ 10 முதல் 12 கி.மீ. கடந்தபின் அலைபேசித் தொடர்பு கிடைப்பதில்லை.

இக்குறையால் நேரும் இழப்பை 2017ஆம் ஆண்டின் ஒக்கி புயல் உணர்த்தியது. நவம்பர் இறுதியில் குமரிக் கடற்பகுதியில் அப்புயல் விரைந்து வலுப்பெற்றபோது, பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடல் சென்றிருந்த மீனவர் பலரை எச்சரிக்கை சென்றடையவில்லை. கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்கள் பல, தம் மக்களை இழந்தன.

நிலத்துக் கோபுரம் எட்டாத இடத்தையும் செயற்கைக்கோள் எட்டும். நிலநடுக்கோட்டிற்கு மேல் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் உள்ள புவிநிலைச் செயற்கைக்கோள், புவியின் சுழற்சிக்கு இணையாகச் சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். பரந்த கடற்பரப்பு முழுவதும் அதன் பார்வைக்குள் அடங்கும்.

இத்தகைய செய்திக் கருவியைத் தேர்ந்தெடுப்போர் முதலில் எழுப்ப வேண்டிய வினா, ‘செய்தி எத்திசையில் செல்கிறது?’ என்பதாகும். 2019இல் அறிமுகமான ‘ஜெமினி’ என்னும் கருவி, ‘ககன்’ அமைப்பின் செயற்கைக்கோள் வழியே புயல் எச்சரிக்கையையும் மீன்வளம் மிகுந்த இடங்களையும் பெற்று, புளூடூத் மூலம் திறன்பேசிக்கு வழங்குகிறது. அதன்வழியே படகிலிருந்து மறுமொழி அனுப்ப இயலாது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கி, 2010 முதல் பயன்பாட்டில் இருக்கும் இடர் எச்சரிக்கைக் கருவி இதற்கு மாறானது. அது படகின் இருப்பிடத்தையும் உதவி வேண்டுதலையும் கரைக்கு அனுப்பும். ஆனால், அவ்வேண்டுதல் உரியவரை அடைந்ததா என்பதைப் படகில் இருப்போர் அறிய இயலாது. 2024 சனவரியில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கருவி அக்குறையை நீக்கியது. செய்தி கிடைத்தது என்னும் ஒப்புகை படகிற்கே திரும்பி வருகிறது. அலைகளிடையே தத்தளிப்போர்க்கு அவ்வொரு வரியே மனவுறுதி தரும்.

மலைக்காட்டில் பணிபுரிவோர்க்கும் இவ்வினா பொருந்தும். அத்துடன் மின்கலம் எத்தனை நாள் நீடிக்கும், மழைநீரைத் தாங்குமா, கட்டணம் எவ்வளவு என்பனவற்றையும் ஆராய வேண்டும். அடர்ந்த மரங்களும் செங்குத்தான பாறைகளும் வானத்தை மறைத்தால் செயற்கைக்கோள் தொடர்பும் தடைபடும் என்பதை மறத்தலாகாது. 2022 முதல் சில திறன்பேசிகளிலும் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதி இடம்பெற்றுள்ளது. எனினும், அது எல்லா நாடுகளிலும் இயங்குவதில்லை. இந்தியாவில் செயற்கைக்கோள் தொலைபேசியைப் பயன்படுத்தத் தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி தேவை. எனவே, வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த கருவியை அனுமதியின்றிப் பயன்படுத்துவது சட்டச் சிக்கலுக்கு வழிவகுக்கும்.

கருவியைக் கையில் வைத்திருப்பது மட்டுமே பாதுகாப்பாகிவிடாது. புறப்படுமுன் அதை இயக்கிப் பழகுதலும், செல்லும் வழியையும் திரும்பும் நாளையும் வீட்டாரிடம் சொல்லிச் செல்லுதலும் இன்றியமையாதவை. உதவி கோரும் குரல் விண்ணை எட்டினாலும், அதனைக் கேட்டு விரைந்து வருவோர் மண்ணில் உள்ள மனிதரே.