பழைய மடிக்கணினிக்குள் வைஃபை அட்டை

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கருவிகள் சேலம், நாமக்கல் மாவட்ட மாணவர்களின் வீடுகளையும் அடைந்தன. தொடக்க ஆண்டுகளில் வந்தவை பத்தாண்டைக் கடந்துவிட்டதால், பழைய வைஃபை அட்டையை மாற்ற முடியுமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

பெரும்பாலான பழைய மடிக்கணினிகளில் இவ்வட்டை, மதர்போர்டிலுள்ள மினி பிசிஐ-இ என்னும் செருகுவாயில் பொருந்தி, ஓரிரு திருகுகளால் நிற்கிறது. புதியவற்றில் உள்ள எம்.2 அட்டை 22 மில்லிமீட்டர் அகலமே கொண்டது. வடிவம் வேறாகையால் எம்.2 அட்டை மினி பிசிஐ-இ செருகுவாயில் நேரடியாகப் பொருந்தாது.

அட்டை வெறும் வானொலிப் பொறியே. அலையை வாங்கி வீசுவது ஆன்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர், அதற்கேற்ப அமைந்த ஆன்டெனா, உலோகப் பாகங்கள் மறைக்காதபடி பெரும்பாலும் திரையின் விளிம்பில் பதிக்கப்பட்டு, கீல் வழியாக இறங்கும் கறுப்பு, வெள்ளை மெல்லிய கம்பிகளால் அட்டையுடன் இணைகிறது. கம்பிமுனையின் பொத்தான் போன்ற இணைப்பியை நகத்தால் நேராக அழுத்த வேண்டும். சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும். ஆன்டெனா பூட்டாத அட்டை, ரௌட்டருக்கு அருகில் மட்டும் மங்கலாக வேலை செய்து ஏமாற்றும்.

எல்லாம் பொருந்தியும் கணினி மறுப்பதுண்டு. சில தயாரிப்பாளர்கள், இயந்திரத்தை எழுப்பும் பயாஸ் நிரலில் அனுமதிக்கப்பட்ட அட்டைகளின் பட்டியலை வைத்திருந்தனர். பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் கணினி தொடங்காமலே நின்றுவிடும். நுகர்வோருக்கு இது நியாயமற்ற கட்டுப்பாடுதான். ஆகவே அட்டை வாங்குமுன், அது பட்டியலில் உள்ளதா என்று மடிக்கணினியின் மாடல் எண்ணைக் கொண்டு உறுதிசெய்வது அவசியம். பட்டியல் தடுத்தால் யுஎஸ்பி வைஃபை அடாப்டரே போதும்.