குலுக்கையை உடைக்காதீங்க

தஞ்சை மாவட்டம் பாபநாசம் அருகே, திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இன்னும் நிற்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளும். அதைத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. நம்ம குளத்தூர்க் கரிசல் வீடுகளின் மண் குலுக்கையை யார் பார்ப்பது?

மண்ணில் வைக்கோல் பிசைந்து, அடுக்கடுக்காக எழுப்பி, சாணம் மெழுகியது அது. மேல்வாயில் கம்பு, சோளம், குதிரைவாலியைக் கொட்டி வேப்பிலை போட்டு மூடுவாங்க. அடித்துளை வழியாக வேண்டியதை எடுப்பாங்க.

வங்கியில் வேலை பார்த்த எனக்கு அது சேமிப்புக் கணக்காகத்தான் தெரியுது. அறுவடை நேரத்தில் விலை விழும். குலுக்கை உள்ளவர் காத்திருப்பார். இல்லாதவர் வியாபாரி சொன்ன விலைக்குக் களத்திலேயே போட்டுவிடுவார். இன்னைக்கு நம்மில் பலர் இரண்டாவது ஆள்தான். விதையையும் கடையில்தான் வாங்குறோம்.

உங்க வீட்டில் குலுக்கை மிச்சம் இருந்தா, வெடிப்பை மண்ணால் பூசிக் காயவிடுங்க. இந்த வருஷ விதைக் கம்பையாவது நல்லாக் காயவைத்துப் போட்டு வைங்க. தானியம் கிடந்தால்தான் குலுக்கையைப் பேணுவோம்.