துத்தியா, நிலத்துத்தியா?

சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் மனை வாங்கி வீடு கட்டாமல் போட்டிருப்பார்களே, அங்கே மழைக்காலம் கழிந்ததும் போய்ப் பாருங்கள். இதய வடிவ இலையும் வெல்வெட் போன்ற மென்மையுமாகத் துத்தி நிற்கும். மூலத்துக்கு இந்த இலையை விளக்கெண்ணெய் விட்டு வதக்கிக் கட்டுவது பலருக்கும் தெரிந்த கைவைத்தியம். ஆனால் அதே மனையில் முழங்கால் உயரத்தில், அதே சாயல் இலையோடு இன்னொரு செடியும் இருக்கலாம். நிலத்துத்தி என்பார்கள்.

இரண்டும் செம்பருத்தி, வெண்டை, பருத்தியின் குடும்பம்தான். மகரந்தத்தாள்கள் ஒன்றுகூடிப் பூவின் நடுவே குழாயாக நிற்பது அதற்கு அடையாளம். தாவரவியலாளர் லின்னேயஸே இவ்விரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்: 1753-இல் நிலத்துத்திக்கு சைடா கார்டிஃபோலியா, 1756-இல் துத்திக்கு சைடா இண்டிகா. துத்தியைப் பிரித்து அபுட்டிலான் இண்டிகம் ஆக்கியவர் ராபர்ட் ஸ்வீட்; அது 1826-இல்.

பிரித்ததற்குக் காரணம் காயில் இருக்கிறது. இலையை விடுங்கள், காயைப் பறித்துப் பாருங்கள். துத்திக்காய் ஒரு குட்டிச் சக்கரம். 15, 20 சுளைகள் வட்டமாக நெருக்கி நிற்கும், முற்றினால் கறுத்துவிடும். மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினால் அழகான முத்திரை விழும். ஒரு சுளையைப் பிளந்தால் இரண்டு மூன்று விதைகள் இருக்கும். நிலத்துத்தியின் காயோ புல்லிவட்டத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும். சுமார் 10 சுளைகள், சுளைக்கு ஒரே விதை. சுளையின் நுனியில் இரண்டு கூர்முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

பூவிலும் வித்தியாசம் உண்டு. துத்திப்பூ ஓர் அங்குல அகலம், ஆரஞ்சு கலந்த மஞ்சள். நிலத்துத்தியின் பூ அதில் பாதிதான், நிறமும் வெளிறியது.

இவ்வளவு நுணுக்கிப் பார்ப்பது வீண்வேலை அல்ல. நிலத்துத்தி தனி மருந்துச்சரக்கு. ஆயுர்வேதத்தில் அதன் பெயர் பலா. அதில் எஃபெட்ரின் வகைப் பொருள்கள் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது. எஃபெட்ரின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது. அது சேர்ந்த உணவுத்துணைப் பொருள்களை அமெரிக்கா 2004-இல் தடை செய்தது. பெயரில் துத்தி இருக்கிறதே என்று கஷாயம் போட்டுக் குடிக்கிற செடி அல்ல அது.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அங்குள்ள மருத்துவரிடம் காட்டலாம். வெறும் இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள்; பூவும் காயுமாக ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போங்கள். பறிக்கப் போவது சாயங்காலமாக இருக்கட்டும். துத்திப்பூ அப்போதுதான் விரியும்.