ஆற்றுக் கப்பல்களின் ஊதல் மொழி

அமெரிக்காவின் மேல் மிசிசிப்பி ஆற்றில் சோளமும் நிலக்கரியும் ஏற்றிய 15 பார்ஜ்களை ஒன்றாகப் பிணைத்து, ஒரே விசைப்படகு பின்னாலிருந்து தள்ளிச் செல்வது வழக்கம். படகையும் சேர்த்தால் நீளம் சுமார் 350 மீட்டர். நீரோட்டத்தோடு இறங்கி வரும்போது இதைச் சட்டென்று நிறுத்த முடியாது. எதிரே இன்னொரு கலம் வந்தால், யார் எந்தப் பக்கம் போவது? அதை முன்கூட்டியே பேசி முடிக்கத்தான் ஊதல் சைகைகள்.

அங்கே உள்நாட்டு நீர்வழிகளுக்கான விதிகளை 1980ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றாகத் தொகுத்தது. அதன்படி குறு ஊதல் என்பது சுமார் ஒரு விநாடி. நெடிய ஊதல் 4 முதல் 6 விநாடி.

எதிரெதிரே வரும் இரு விசைக்கலங்கள் அரை மைல் தூரத்துக்குள் கடக்கப்போகின்றன என்றால், ஒரு குறு ஊதலுக்கு ‘உன்னை என் இடப்பக்கம் விட்டுக் கடக்கப்போகிறேன்’ என்று பொருள். இரண்டு என்றால் வலப்பக்கம். மூன்று என்றால் ‘என் இயந்திரம் பின்னோக்கி இயங்குகிறது’. வளைவை நெருங்கும்போதும், துறையை விட்டுக் கிளம்பும்போதும் ஒரு நெடிய ஊதல்.

கடல் விதிக்கும் ஆற்று விதிக்கும் முக்கிய வேறுபாடு இங்கேதான். கடலில் ஒரு ஊதல் ‘வலப்பக்கம் திரும்புகிறேன்’ என்ற அறிவிப்பு. பதில் ஊத வேண்டியதில்லை. ஆற்றில் அது சம்மதம் கேட்பது. எதிர்க்கலம் ஒப்புக்கொண்டால் அதே ஊதலைத் திருப்பி ஊத வேண்டும். ஆற்றில் கப்பல் செல்லும் வழி குறுகலானது, விலகிச் செல்ல இடம் கிடையாது. அதனால் இருவரும் ஒத்துக்கொண்ட பிறகே கடப்பது பாதுகாப்பு. மிசிசிப்பி போன்ற ஆறுகளில் நீரோட்டத்தோடு வரும் கலத்துக்கே முன்னுரிமை. எங்கே, எப்படிக் கடப்பது என்று முதலில் சொல்வதும் அதுதான்.

மூடுபனியில் கண் உதவாது. அப்போது ஓடும் விசைக்கலம் 2 நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நெடிய ஊதல் தர வேண்டும். நங்கூரமிட்ட கலம் நிமிடத்துக்கு ஒருமுறை 5 விநாடி விரைவாக மணி அடிக்க வேண்டும். பெரிய கப்பலின் ஊதல் கனத்த குரலில் ஒலிக்கும். 200 மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கு 70 முதல் 200 ஹெர்ட்ஸ் என்பது விதி. குரலை வைத்தே வருவது பெரிதா சிறிதா என்று ஊகிக்கலாம்.

இன்று வயர்லெஸ்ஸில் பேசி ஒப்புக்கொண்டால் ஊத வேண்டியதில்லை. ஆனாலும் படகோட்டிகள் வயர்லெஸ்ஸிலும் ‘ஒன் விசில்’, ‘டூ விசில்’ என்றே பேசுகிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் உயிர் காப்பது ஐந்து குறு ஊதல்கள். எதிரில் வருபவரின் எண்ணம் புரியவில்லை, அல்லது அவர் சொல்வது ஆபத்து என்று பட்டால், வேகமாக ஐந்து முறை ஊதியே ஆக வேண்டும். சந்தேகத்தை மனதுக்குள் வைத்துக்கொள்ள இந்த விதி யாரையும் அனுமதிப்பதில்லை. ஆற்றில் கப்பலோட்டுபவர் முதலில் கற்க வேண்டிய பாடமும் அதுவே.