தெரிந்தும் சொல்ல முடியாத மரம்

ஒரு கதையைப் படித்து முடித்ததும் மனம் கனத்துப்போகிறது. ஏன் என்று யாராவது கேட்டால், "நல்லா இருந்தது" என்பதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் தேட உதவும் கருவிகள்தான் இலக்கியக் கலைச்சொற்கள். ஒரே ஒரு கதையைக் கையில் எடுத்துக்கொண்டால் முக்கியமானவை பிடிபட்டுவிடும்.

வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915-இல் வெளிவந்தது. தமிழின் முதல் சிறுகதை என்று பலரும் குறிப்பிடும் கதை இது. கதைநாயகி ருக்மிணியின் தந்தை பணத்தை இழந்து நொடித்துப்போகிறார். உடனே புகுந்த வீட்டார் அவள் கணவன் நாகராஜனுக்கு இரண்டாம் கல்யாணம் பேசுகிறார்கள். பந்தல் வரை போய், தாலி கட்ட மறுத்து, பெற்றோருக்குப் புத்தி புகட்டுவது அவன் எண்ணம். இதை நண்பனிடம் சொன்னவன் மனைவியிடம் சொல்லவில்லை. ருக்மிணி குளத்தில் உயிரை விடுகிறாள்.

பணம் போனதால் மறுமணப் பேச்சு. அந்தப் பேச்சால் அவன் திட்டம். திட்டத்தை மறைத்ததால் அவள் சாவு. இப்படி ஒன்றுக்கு ஒன்று காரணமாகச் சம்பவங்களைப் பிணைப்பதே கதைப்பின்னல். ஒரு முடிச்சை அவிழ்த்தால் கதையே இல்லை.

அடுத்தது கதைக்களம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது தொல்காப்பியம். குளத்தங்கரை ஊர்ப் பெண்கள் வந்துபோகும் இடம். வீட்டுக்குள் நடப்பதெல்லாம் பேச்சாக வந்து சேரும் இடம். ருக்மிணி சிறுமியாக ஓடியாடியதும் அங்கேதான், அவள் முடிவும் அங்கேதான்.

இனி, இந்தக் கதையின் உயிர்நிலைக்கு வருவோம். இதைச் சொல்வது யார்? ஐயர் அல்ல, அரசமரம். எழுதுபவர் ஆசிரியர், கதைக்குள் நின்று பேசும் குரல் கதைசொல்லி. ஐயர் லண்டனில் வாழ்ந்தவர், புரட்சியாளர், புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தவர். மரமோ கரையை விட்டு நகராதது. தன்மையில் ‘நான்’ என்று அது பேசுகிறது. தன் நிழலில் நடப்பதை மட்டுமே பார்க்கும், கேட்கும். இந்த எல்லைக்குத்தான் நோக்குநிலை என்று பெயர். தாகூரின் வங்காளக் கதை ஒன்றில் படித்துறை கதை சொல்கிறது. ஐயருக்கு அது தூண்டுதல் என்று விமர்சகர்கள் சொல்வார்கள்.

நாகராஜன் நண்பனிடம் மனம் திறப்பது இந்த மரத்தடியில்தான். ஆகவே மரத்துக்கு உண்மை தெரியும். மரம் சொல்வதால் நமக்கும் தெரியும். ருக்மிணிக்கு மட்டும் தெரியாது. கதைமாந்தர் அறியாததை வாசகர் அறிந்திருக்கும் இந்த நிலையை நாடக முரண் என்பார்கள். அவள் இரவில் கணவன் காலில் விழும்போது, "சொல்லிவிடேன்!" என்று நாம் உள்ளுக்குள் கத்துகிறோம். நம் குரல் கதைக்குள் போகாது. மரத்தாலும் அவளிடம் பேச முடியாது. அந்த நேரத்தில் வாசகரான நாமும் மரமும் ஒரே இடத்தில் நிற்கிறோம். படித்து முடித்தபின் நம்மை அழுத்துவது இந்தக் கையாலாகாத தவிப்புதான்.

வரதட்சணை ஆசையைச் சாடுவதுதான் கதையின் கரு என்று நிறுத்திவிடலாம். ஆனால் கதைசொல்லியைக் கவனித்தவருக்கு இன்னொன்றும் தெரியும்: நல்ல எண்ணமும் சொல்லப்படாவிட்டால் உயிரைக் குடிக்கும். இதை உணர்த்த உபதேசம் தேவையில்லை. பேச முடியாத மரத்தைப் பேசவைத்ததே போதுமானதாக இருக்கிறது.

கலைச்சொற்களை மனப்பாடம் செய்யாதீர்கள். அடுத்த கதையைப் படிக்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதை வேறொருவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாகராஜன் வாயால் இந்தக் கதையை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஐயர் ஏன் மரத்திடம் போனார் என்பது உங்களுக்கே விளங்கும்.